குழி எண் பதினேழு

மன்னவனூரில், ஆட்டுப்பண்ணை வேலி முடிகிற இடத்தில்
ஐந்தடி ஆழம், மூன்றடி அகலம்.
தோண்டி முடித்த தவசி விளிம்பில் உட்கார்ந்து
நமுத்த தீக்குச்சிகளோடு மல்லுக்கட்டுகிறார்.
நான் உள்ளே நிற்கிறேன்,
கையில் நிறப் புத்தகம்.

விதி இருக்கிறது:
மண்ணின் நிறத்தை நேர் வெயிலில்தான் வாசிக்க வேண்டும்.
பல்பு வெளிச்சத்தில் கூடாது. மேகத்தடியில் கூடாது.
விதியை எழுதியவர்
ஐப்பசியில் இங்கே வந்ததில்லை.

நேற்று வத்தலக்குண்டில் பேருந்து ஏறியபோது
செருப்பில் செம்மண்,
உதறினால் உதிர்ந்துவிடும், ஒட்டுறவு வைக்காத மண்.
பண்ணைக்காட்டில் காப்பித் தோட்டத்துக்குள் போய்வந்ததில்
அதன்மேல் ஒரு பூச்சு பழுப்பு.
பூம்பாறை இறக்கத்தில் இன்னும் கருத்தது.
மூன்று குளிரை மிதித்துக்கொண்டு
இந்தக் குழிக்குள் இறங்கினேன்.

மேலே இரண்டடி கறுப்பு.
கரிசல் இல்லை. கரிசல் கோடையில் வாய் பிளக்கும்,
இது பிளக்காது.
பிழிந்தால் தண்ணீர், முகர்ந்தால் காளான்.
கீழ்நாட்டில் ஒரு சருகு விழுந்தால்
கறையானும் வெயிலுமாய்
அடுத்த மழைக்குள் கணக்கை முடித்துவிடும்.
இங்கே குளிர் ஒரு மந்தமான கணக்குப்பிள்ளை,
எந்த ஏட்டையும் மூடுவதில்லை.
போன வருஷப் புல், அதற்கு முந்தின புல்,
இந்த மலைக்கு யாரும் பேர் வைக்காத காலத்துப் புல்,
எல்லாம் நிலுவையில்.

அடுத்து ஒரு முழம் பழுப்பு.
வேர் ஒன்று இறங்கப் பார்த்துத் திரும்பிய தடம்.
அதற்கும் கீழே செம்மஞ்சள், அதற்குள் பாறை.
பாறையேதான்: அதே வரி, அதே மினுக்கு, அதே மூலை.
கட்டைவிரலால் அழுத்தினேன்,
வெந்த மரவள்ளியாய் உதிர்ந்தது.
கரைவதையெல்லாம் மழை கொண்டுபோய்விட
இரும்பு மட்டும் போக மனமில்லாமல்
சிவந்து உட்கார்ந்திருக்கிறது.

"நல்ல மண்ணா, கெட்ட மண்ணா சார்?"
வேலுத்தாய். குத்தகைக்காரி. பூண்டு நட நாள் தவறுகிறது அவளுக்கு.
என் படிவத்தில் அந்தக் கட்டம் கிடையாது.
"புளிப்பு மண்ணும்மா."
"அது தெரியும். பதினோரு மூட்டை சுண்ணாம்பு குடிச்சிருக்கு.
கறுப்பா இருக்கேன்னு நம்பி எடுத்தோம்."

போட்ட உரத்தைப் பெட்டிக்குள் வைத்துப்
பூட்டிக்கொள்கிற மண் இது
என்று சொல்ல வந்து, சொல்லவில்லை.

எதிர்ச்சரிவில் பதினாறாம் குழி.
இதே பாறை, இதே உயரம், ஆனால் வாட்டில் மரத்தடி.
கறுப்பு ஒரு சாண்கூட இல்லை.
நடுவில் சதுப்பு. அங்கே துளைப்பான் முழுக்க இறங்கியும்
அடி தட்டவில்லை.
மூன்றுக்கும் இடையே
ஒரு கூப்பிடு தூரம்.

பதினொரு மணி. ஒரு மணி. இரண்டரை.
விரல் மரத்துவிட்டது. மண்ணை உருட்டி நாடா இழுத்தால்
எது களிமண், எது என் தோல் என்று தெரியவில்லை.

மூன்று பத்துக்கு வந்தது.

கறுப்பு கறுப்பாக இல்லை.
காப்பிக்கொட்டை நிறம், ஈர எருமை முதுகு,
ஓரிடத்தில் ஊதாவா என்றுகூடச் சந்தேகம்.
ஒன்றரை அடி ஆழத்தில், குழியின் மூன்று பக்கமும்,
நூல் தடிமனில் சாம்பல் கோடு.
என்றோ ஒரு நாள் இந்தப் புல் முழுக்க எரிந்திருக்கிறது.
பார்த்த ஆள் இருந்திருந்தால்
அவன் எலும்பையும் இந்தப் புளிப்பு தின்றிருக்கும்.

புத்தகத்தில் இரண்டு சில்லுகளுக்கு நடுவே விழுந்தது நிறம்.
பெரிதாக எழுத நேரமில்லை.
மூடிக்கொண்டது.

"வந்த வரிசையிலயே போடுங்க, சிவப்பு முதல்ல!"
தவசி தலையாட்டினார். தூறல் வலுத்தது.
கையில் வந்ததை வந்தபடி தள்ளினார்.
தோண்டியதை எல்லாம் போட்டும்
ஒரு கூடை மிச்சம்.
வேலுத்தாய் பேசாமல் அதைச் சுமந்துபோய்ப்
பாத்தியில் கொட்டினாள்.

படிவத்தில் எழுதினேன்:
வானம், தெளிவு.
அடைப்புக்குறிக்குள்,
ஒன்றரை நிமிடம்.